போர்ப்பலகை: வாசகர் கேள்வி – பதில்

மினியேச்சர் படைகள் (சின்னஞ்சிறு பொம்மை வீரர்கள்), ஹெக்ஸ் (அறுகோணக் கட்ட) வரைபடப் போர்கள், போர்டு கேம் சேகரிப்பு ஆகியவை பற்றிப் பழைய வட ஆற்காடு வட்டாரத்திலிருந்து வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில். கத்திரி நெருங்குவதால் வெயில் சம்பந்தப்பட்டவை முதலில்.

பிளாஸ்டிக் வீரர்களுக்கு ஸ்ப்ரே பிரைமர் (பெயின்ட்டுக்கு முந்தைய அடிப்பூச்சு) அடித்தேன். உச்சி வெயிலைத் தவிர்த்து, மாலையில் மொட்டைமாடியில்தான் அடித்தேன். ஆனாலும் காய்ந்த பிறகு உப்புத்தாள் மாதிரி சொரசொரவென்று இருக்கிறது. டப்பா பழசாக இருக்குமோ? – ஒரு வாசகர், ராணிப்பேட்டை

டப்பாவின் மேல் பழி போடாதீர்கள். ஸ்ப்ரேயிலிருந்து வரும் துளி ஈரமாகவே போய் வீரன் மேல் விழ வேண்டும், படர வேண்டும், அதற்குப் பிறகுதான் காய வேண்டும். ஏப்ரல், மே மாதங்களில் நம் மொட்டைமாடியில் துளி பாதி வழியிலேயே காய்ந்துவிடுகிறது. வந்து ஒட்டுவது பெயின்ட் இல்லை, பெயின்ட் தூள். மாலை ஆறு மணிக்கும் தளம் பகல் முழுக்கக் குடித்த சூட்டைக் கக்கிக்கொண்டுதான் இருக்கும். அதனால் மாலை நேரம் நினைத்த அளவு உதவாது.

பிரைமருக்கு ஏற்ற வெப்பம் சுமார் 15 முதல் 30 டிகிரி. மே மாத வேலூரில் அது விடியற்காலையில் மட்டும்தான் கிடைக்கும். 5.30 மணிக்கு எழுந்து, வெயில் படாத, காற்று அடிக்காத, ஆனால் திறந்த இடத்தில் அடியுங்கள். டப்பாவை முந்தைய இரவே வீட்டுக்குள் நிழலில் வையுங்கள். அடிக்கும் முன் 2 நிமிடம் நன்றாகக் குலுக்க வேண்டும். உள்ளே குண்டு உருளும் சத்தம் கேட்கத் தொடங்கிய பிறகுதான் அந்த 2 நிமிடம் கணக்கு. 20–25 செ.மீ. தூரம் என்று வழக்கமாகச் சொல்வார்கள். நம் கோடைக்கு 15 செ.மீ. சரியாக வரும். டப்பாவின் பொத்தானை வீரனுக்கு வெளியே அழுத்தத் தொடங்கி, அவனைக் கடந்து வெளியே போன பிறகுதான் விட வேண்டும். ஒரே இடத்தில் நிறுத்தினால் முகம் மூழ்கிவிடும். மூன்று மெல்லிய பூச்சு, ஒவ்வொன்றுக்கும் இடையே 10 நிமிடம். முதலில் ஒரு பிளாஸ்டிக் ஸ்பூனில் அடித்து, காய்ந்ததும் விரலால் தடவிப் பாருங்கள். ஸ்பூன் சொரசொரத்தால் அன்றைக்கு வேலை வேண்டாம்.

கெட்டுப்போனவற்றைக் காப்பாற்றலாம். ஒரு மூடி போட்ட பாட்டிலில் வீரர்கள் மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் கலக்காத டெட்டால் ஊற்றி ஒரு நாள் ஊற விடுங்கள். கையுறை போட்டுக்கொண்டு பழைய டூத் பிரஷ்ஷால் தேயுங்கள். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள்: பெயின்ட் உரிந்துகொண்டிருக்கும்போது தண்ணீரில் கழுவினால் எல்லாம் பசையாகத் திரண்டு, முன்னதைவிட மோசமாகிவிடும். டெட்டாலிலேயே தேய்த்து, டெட்டாலிலேயே அலசி, பெயின்ட் முழுக்கப் போன பிறகுதான் சோப்புத் தண்ணீர். ரெசின் பொம்மைகளை இப்படி நாள் கணக்கில் ஊற விடாதீர்கள், இளகிவிடும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் பிரச்சினை நேர் எதிர். பளபளப்பில்லாத மேட் வார்னிஷ் அடித்தால் ஈரக் காற்றால் வெள்ளைப் புகை படிந்த மாதிரி ஆகிவிடும். அதன் மேல் பளபளப்பான கிளாஸ் வார்னிஷ்ஷைப் பிரஷ்ஷால் மெல்லிசாகப் பூசினால் பெரும்பாலும் தெளிந்துவிடும். வருஷத்தில் நாலைந்து மாதம் ஸ்ப்ரே ஒத்துவராத ஊர் இது. பிரஷ்ஷால் பூசும் அக்ரிலிக் பிரைமர் ஒரு பாட்டில் வாங்கி வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம். நேரம் பிடிக்கும், ஆனால் வானிலை கேட்காது.

அக்ரிலிக் பெயின்ட் தட்டிலேயே காய்ந்துவிடுகிறது. மின்விசிறியை நிறுத்தினால் உட்கார முடியவில்லை. – ஒரு வாசகி, வாணியம்பாடி

ஈரத்தட்டு செய்துகொள்ளுங்கள். மூடி இறுகப் பொருந்தும் தட்டையான டப்பாவில் மெல்லிய ஸ்பாஞ்சை விரித்து நனையுங்கள். தண்ணீர் ஸ்பாஞ்சின் மேல்மட்டத்தைத் தாண்டக் கூடாது. அதன் மேல் கேக் தட்டில் போடும் பேக்கிங் பேப்பரைக் குமிழியில்லாமல் ஒட்ட வையுங்கள். பெயின்ட் அதன் மேல் மணிக்கணக்கில் காயாது, மூடி வைத்தால் மறுநாள்கூட வரும். மூன்று நாளுக்கு ஒரு முறை தண்ணீரை மாற்றாவிட்டால் நாற்றம் எடுக்கும்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறோம். பெயின்ட்டைக் கரைக்க போர்வெல் தண்ணீர் வேண்டாம். உப்பு அதிகமான தண்ணீரில் நிழல் பூச்சு (மடிப்புகளில் தேங்கும் நீர்த்த பெயின்ட்) போட்டால், காய்ந்ததும் மடிப்புகளில் வெள்ளைக் கோடு தெரியும். கடையில் விற்கும் பேட்டரி வாட்டர் உப்பு நீக்கிய தண்ணீர்தான். ஒரு பாட்டில் வருஷம் முழுக்க வரும். பேட்டரி ஆசிட்டை எடுத்துவந்துவிடாதீர்கள்.

கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வார்கேம் (மேசைப் போர் ஆட்டம்) ஆட ஆசை. ஆனால் ஒரு படை வாங்கவே ஆயிரக்கணக்கில் ஆகும் போலிருக்கிறது. எங்கிருந்து தொடங்குவது? – ஒரு மாணவர், காட்பாடி

பெரிய பெட்டியிலிருந்து தொடங்காதீர்கள். இந்தப் பொழுதுபோக்கில் பணம் வீணாவதற்கு முதல் காரணம், விதிகளை ஒரு தடவைகூட ஆடிப் பார்க்காமல் படை வாங்குவது. இரண்டாவது காரணம், ஒரு பக்கத்துப் படையை மட்டும் வாங்கிவிட்டு எதிராளிக்காகக் காத்திருப்பது. இரண்டு படையும் உங்களிடமே இருக்க வேண்டும். அப்போதுதான் விடுதி அறை நண்பனை அரை மணி நேரத்தில் உட்கார வைக்க முடியும்.

சிறிய படைக்கென்றே எழுதிய விதிகளைத் தேர்ந்தெடுங்கள். டி.பி.ஏ. (டி பெல்லிஸ் ஆன்டிக்விடாடிஸ்) என்ற பண்டைக்காலப் போர் விதிகள் 1990-இல் வந்தவை. ஒரு பக்கத்துக்கு 12 தளங்கள் (வீரர்களை ஒட்டும் சிறு அட்டைகள்) மட்டுமே. 15 மி.மீ. அளவு வீரர்களுக்கு ஒவ்வொரு தளமும் 40 மி.மீ. அகலம், நெருங்கி நிற்கும் காலாள் ஒரு தளத்துக்கு 4 பேர், குதிரை 3, யானை 1. பலகை 60 செ.மீ. சதுரம், அதாவது விடுதி மேசையில் அடங்கும். ஒவ்வொரு முறையும் ஒரு பகடை உருட்டி, வந்த எண்ணுக்கு ஏற்பத்தான் படைப்பிரிவுகளை நகர்த்த முடியும். தளபதி நினைப்பதெல்லாம் நடக்காது என்பதை இவ்வளவு சிக்கனமாகச் சொன்ன விதி அரிது. நான்கு தளங்களை இழந்து, எதிரியைவிட அதிகமாகவும் இழந்தவர் தோற்றார். ஒரு மணி நேரத்துக்குள் ஒரு போர் முடியும்.

வீரர்கள் இல்லாமலேயே இந்த வாரம் ஆடலாம். 2 மி.மீ. அட்டையில் 40 மி.மீ. அகலத்துக்கு 24 துண்டு வெட்டுங்கள். நீளம் படைக்குத் தக்கபடி மாறும்: நெருங்கிய காலாளுக்கு 15 மி.மீ., வில்லாளி போன்ற இலகு காலாளுக்கு 20, குதிரைக்கு 30, யானைக்கு 40. மேலே படைவகையின் பெயரை எழுதினால் போதும். பத்து ஆட்டம் ஆடிய பிறகும் அலுக்கவில்லை என்றால் உலோக அல்லது பிளாஸ்டிக் வீரர்களை வாங்கி அதே அட்டையில் ஒட்டுங்கள். அளவு மாறாததால் எதுவும் வீணாகாது.

தளத்தில் மண் ஒட்டுவதற்குக் கடையில் பொட்டலம் வாங்க வேண்டாம். பாலாற்று மணல் ஒரு டம்ளர் எடுத்து, மூன்று தண்ணீர் கழுவி, வாணலியில் வறுத்து, டீ வடிகட்டியில் சலியுங்கள். இரண்டு பங்கு ஃபெவிகாலுக்கு ஒரு பங்கு தண்ணீர் கலந்து பூசி, மணலைத் தூவி, ஒரு இரவு விடுங்கள். கழுவாமல் ஒட்டினால் மண்ணிலுள்ள உப்பு சில வாரங்களில் பெயின்ட்டுக்கு மேலே பூக்கும். வேலிக்குக் குடியாத்தம் பக்கம் கிடைக்கும் மருந்து வைக்காத தீக்குச்சியைவிட நல்ல மரம் இந்த அளவில் கிடைக்காது.

பள்ளியில் வரலாறு நடத்துகிறேன். வெளிநாட்டுப் போர்களையே ஆட வேண்டுமா? நம் மாவட்டத்தில் நடந்த போர்களை மேசைக்குக் கொண்டுவர முடியுமா? – ஓர் ஆசிரியர், ஆரணி

முடியும். பதினெட்டாம் நூற்றாண்டையும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தையும் பொறுத்தவரை இவ்வளவு சிறிய வட்டத்துக்குள் இவ்வளவு போர்கள் கிடைப்பது அபூர்வம். ஆம்பூர் 1749, ஆற்காட்டு முற்றுகை 1751, அதே ஆண்டு இறுதியில் உங்கள் ஆரணி, வந்தவாசி 1760, சோளிங்கர் 1781, வேலூர்க் கோட்டை 1806. எல்லாம் ஒரே மாதிரி ஆடக்கூடியவை அல்ல என்பதுதான் சிக்கல்.

ஆற்காட்டு முற்றுகை 50 நாள். ராபர்ட் கிளைவிடம் சுமார் 120 ஐரோப்பியர், 200 சிப்பாய்கள். வெளியே சந்தா சாகிப்பின் மகன் ராஜா சாகிப்பின் பெரும்படை. 50 நாளையும் மேசையில் ஆடினால் கொட்டாவிதான் மிஞ்சும். நவம்பர் 14-ஆம் தேதி நடந்த கடைசித் தாக்குதலை மட்டும் எடுங்கள். நெற்றியில் இரும்புத் தகடு கட்டிய யானைகளைக் கோட்டைக் கதவை முட்ட விட்டார்கள். துப்பாக்கிச் சூட்டில் மிரண்டு திரும்பிய யானைகள் சொந்த ஆட்களையே மிதித்தன. விதியாக எழுதினால்: யானைத் தளத்தின் மேல் குண்டு பட்டால் ஒரு பகடை, 1, 2, 3 வந்தால் வந்த வழியே நேராக 15 செ.மீ. ஓடும், வழியில் நிற்பவர் யாரானாலும் அடி.

வேலூர்ச் சிப்பாய்க் கிளர்ச்சி 1806 ஜூலை 10, இரவில், கோட்டைக்குள் நடந்தது. இதை இரண்டு பேர் ஆடுவதைவிடக் கடிகார ஆட்டமாக வைப்பது நல்லது. ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேயத் தளபதி கில்லஸ்பி 19-ஆம் இலகு குதிரைப்படையுடன் சுமார் 25 கி.மீ. வந்து சேர்வதற்குள் சிப்பாய்கள் கதவுகளையும் மதில்களையும் எந்த அளவுக்குக் கைக்குள் கொண்டுவர முடிகிறது என்பதே கேள்வி. இதற்காகக் கோட்டையை மாடல் செய்ய உட்கார்ந்துவிடாதீர்கள்; அகழியோடு தெர்மோகோல் கோட்டை தொடங்கிய பலர் ஆட்டத்துக்கு வந்து சேர்வதே இல்லை. சாம்பல் நிறத் துணியில் மதிலைச் சாக்பீஸால் வரையுங்கள். அன்று இரு பக்கமும் செத்தவர்கள் பலர், அடக்கிய பிறகு கொல்லப்பட்ட சிப்பாய்கள் இன்னும் பலர். மாணவர்களோடு ஆடுவதாக இருந்தால் ஆட்டத்துக்கு முன்னால் அதைப் பேசிவிடுங்கள்.

முதலில் எடுக்க வேண்டியது வந்தவாசி. 1760 ஜனவரி 22. திறந்த வெளி, இரண்டு வரிசைப் படை, ஒரு ஏரி. மேசைப் போருக்கென்றே நடந்தது போல இருக்கும். ஆங்கிலேயத் தளபதி அயர் கூட்டின் வரிசையில் வலப்பக்கம் டிரேப்பர் ரெஜிமென்ட், நடுவில் கம்பெனிப் படை, இடப்பக்கம் கூட்டின் ரெஜிமென்ட், இரு ஓரங்களிலும் சிப்பாய்கள். எதிரே பிரெஞ்சுத் தளபதி லாலியின் வரிசையில் வலப்பக்கம் லொரேன் ரெஜிமென்ட், நடுவில் பிரெஞ்சுக் கம்பெனிப் படை, இடப்பக்கம் லாலி ரெஜிமென்ட். அந்த இட ஓரம் ஏரிக்கரை அரணில் முடிகிறது, அங்கே பீரங்கிகளோடு கடற்படையாட்கள். பிரெஞ்சுக் குதிரை வலக்கோடியில்.

ஒரு தளம் 250 பேர் என்று வையுங்கள். இரு பக்கமும் ஐரோப்பியக் காலாட்படை ஏறக்குறைய இரண்டாயிரம், எனவே ஆளுக்கு 8 தளம். ஆங்கிலேயர் பக்கம் சிப்பாய் 8 தளம், பிரெஞ்சுப் பக்கம் 5. குதிரை ஆளுக்கு ஒன்று; பிரெஞ்சுக் குதிரை தரத்தில் உயர்ந்தது, ஆனால் அன்று லாலி கட்டளையிட்டும் முதலில் நகர மறுத்தது. அதனால் அது பாய வேண்டுமானால் பகடையில் 4 அல்லது மேலே. பிரெஞ்சுக்காரர்களுக்குத் துணையாக வந்த மராட்டியக் குதிரை போரில் சேராமல் ஒதுங்கி நின்றது. மேசையின் ஓரத்தில் 6 தளங்களை வைத்து, ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பகடை உருட்டுங்கள்; 6 வந்தால் மட்டும் அந்தச் சுற்றில் நகரும். எதிரில் இருப்பவருக்கு அந்தக் கூட்டத்தைக் கண்டு வரும் கலக்கம்தான் முக்கியம்.

போரைத் திருப்பியது ஏரிக்கரை அரணில் வெடித்த வெடிமருந்து வண்டி. அது நிச்சயம் வெடிக்கும் என்று விதி எழுதினால் பிரெஞ்சுப் பக்கம் யாரும் உட்கார மாட்டார்கள். ஆங்கிலேயப் பீரங்கி அந்த அரணைச் சுடும் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு பகடை உருட்டுங்கள். கூட்டுத்தொகை 11 அல்லது 12 வந்தால் வெடிப்பு. ஒரு சுற்றில் வாய்ப்பு 36-இல் 3. எட்டுச் சுற்று ஆட்டத்தில் ஏறக்குறைய பாதிக்குப் பாதி. வெடித்தால் அரணில் உள்ள தளங்கள் எல்லாம் பின்வாங்கும். டிரேப்பர் ரெஜிமென்ட் உள்ளே நுழையலாம். அன்று நுழைந்தது. அதை மீட்க வந்த பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி சிறைப்பட்டார்.

இன்னொரு விதியை விட்டுவிடாதீர்கள். லொரேன் ரெஜிமென்ட் அன்று குறுகிய முகப்போடு பின்னால் நீளும் பத்தியாக வந்து கூட்டின் வரிசை மேல் மோதியது. பத்தியாக வரும் படைக்கு மோதலில் கூடுதல் 1 கொடுங்கள். ஆனால் நெருங்கும்போது அதன் மேல் விழும் சூடு இரட்டிப்பு. பத்தியா வரிசையா என்று பிரெஞ்சுத் தளபதி ஆட்டத்தின் நடுவே விரலைக் கடித்துக்கொண்டிருக்க வேண்டும்.

மேசை 180 × 120 செ.மீ. வகுப்பறையில் இரண்டு பெஞ்சைச் சேர்த்தால் வரும்.

ஆடுபுலி ஆட்டம் வார்கேமா? – ஒரு வாசகர், அணைக்கட்டு

23 சந்திப்புப் புள்ளி, 3 புலி, 15 ஆடு. இரு பக்கமும் எண்ணிக்கையில் வேறு, நகர்வில் வேறு, வெற்றி நிபந்தனையிலும் வேறு. புலி வெட்ட வேண்டும், ஆடு அடைக்க வேண்டும். சமனில்லாப் படைகளைச் சமமான ஆட்டமாக்குவது இன்றைய வடிவமைப்பாளர்களுக்கும் பெரும்பாடு. பகடை இல்லாததால் அதிர்ஷ்டத்தைக் குறை சொல்ல வழியில்லை என்பது ஒன்றுதான் குறை.

மழைக்காலம் முடிந்தால் அட்டைப் பலகைகள் வளைந்துவிடுகின்றன. பெட்டிக்குள் வெள்ளிப்பூச்சியும் வருகிறது. பாச்சை உருண்டை போடலாமா? – ஒரு வாசகர், சத்துவாச்சாரி

பாச்சை உருண்டை வேண்டாம். நாப்தலின் ஆவி பாலிஸ்டைரின் பிளாஸ்டிக்கை இளக்கும், வீரர்களும் பெட்டித் தட்டுகளும் பெரும்பாலும் அந்தப் பிளாஸ்டிக்தான். வாடையும் அட்டையில் ஏறினால் வருஷக்கணக்கில் போகாது.

பலகை வளைவது, ஒரு பக்கத்துத் தாள் மறுபக்கத்தைவிட அதிகமாக ஈரம் குடிப்பதால். புது ஆட்டத்தைத் திறந்த சில நாளில் பலகை வளைந்தால் பயப்பட வேண்டாம். வந்த இடத்து ஈரமும் நம் ஊர் ஈரமும் வேறு என்பதுதான் காரணம். வளைவுக்கு எதிர்த்திசையில் கையால் மெதுவாக, மடிப்புக் கோட்டைத் தவிர்த்து, வளைத்துக் கொடுங்கள். பிறகு சமமான தரையில் வைத்து, மேலே கனமான புத்தகங்களை ஒரு வாரம் அடுக்குங்கள். ஈரத்துணி, இஸ்திரிப் பெட்டி இரண்டும் தாளை உரித்துவிடும்.

அலமாரியை வெளிச்சுவரில், அதிலும் மழைச்சாரல் அடிக்கும் சுவரில் ஒட்டி வைக்காதீர்கள், 5 செ.மீ. இடைவெளி போதும். தரையிலிருந்து அரை அடி உயரம், கரையானுக்கும் வெள்ளத்துக்கும். நடுத்தரப் பெட்டிக்கு 20–30 கிராம் சிலிகா ஜெல் பொட்டலம். ஆரஞ்சு நிறத்திலிருந்து பச்சையாகும் வகையை வாங்குங்கள். நீலம் இளஞ்சிவப்பாகும் வகையில் கோபால்ட் உப்பு இருக்கிறது, குழந்தைகள் உள்ள வீட்டுக்கு வேண்டாம். நிறம் மாறினால் மணிகளைத் தட்டில் கொட்டி 120 டிகிரி ஓவனில் ஒன்றிரண்டு மணி நேரம் வைத்தால் பழைய நிறம் திரும்பும். பெட்டி மூடி சரியாகப் பொருந்தாவிட்டால் எவ்வளவு போட்டாலும் பயனில்லை. அந்தப் பொட்டலம் உங்கள் அறையையே காயவைக்க முயன்று தோற்கும்.

வெள்ளிப்பூச்சி தின்பது மாவுப்பசையையும் தாளையும். அதற்கு மருந்தைவிட, மூன்று மாதத்துக்கு ஒரு முறை பெட்டியைத் திறந்து ஆடுவது நல்லது. பெட்டியைக் கட்ட ரப்பர் பேண்ட் போடுபவர்கள் உடனே எடுத்துவிடுங்கள். ஒரு கோடையிலேயே அது உருகி அச்சோடு ஒட்டிக்கொள்ளும். தையல் கடை எலாஸ்டிக் நாடாவை வளையமாகத் தைத்துப் போடலாம்.

இணையத்தில் பதிப்பாளர்களே இலவசமாகத் தரும் ஆட்டங்களை ஜெராக்ஸ் கடையில் அச்சடித்தேன். கவுன்ட்டரின் (படைப்பிரிவைக் குறிக்கும் சிறு அட்டைச் சதுரம்) முன்பக்கமும் பின்பக்கமும் பொருந்தவில்லை. – ஒரு வாசகர், குடியாத்தம்

இரண்டு பக்கத்தையும் ஒரே தாளில் அச்சிட்டால் பொருந்தாது. எந்தக் கடை மெஷினும் தாளை ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தள்ளித்தான் இழுக்கும், 16 மி.மீ. கவுன்ட்டரில் அது பெரிய பிழை. தனித்தனியே அச்சிட்டு ஒட்டுவதுதான் வழி.

கடைக்காரரிடம் முதலில் சொல்ல வேண்டியது: பக்கத்துக்கு ஏற்பச் சுருக்க வேண்டாம், 100 சதவீத அளவு. ஒரு தாளை எடுத்து ஸ்கேலால் அளந்த பிறகே மற்றதை அச்சிடச் சொல்லுங்கள். ஸ்டிக்கர் தாளில் அச்சிட்டு, பைண்டிங் கடையில் கிடைக்கும் 1.5 மி.மீ. கிரே போர்டில் முன்பக்கத்தை ஒட்டுங்கள். நாலு மூலைக் குறிகளிலும் குண்டூசியால் மறுபுறம் வரை துளையுங்கள். பின்பக்கத் தாளின் மூலைக் குறிகளிலும் குத்தி, ஊசிகளை வழிகாட்டியாக வைத்து இறக்குங்கள். ஒட்டியதும் மேலே எடை வைத்து ஒரு இரவு.

மேட் லேமினேஷன் செய்வதாக இருந்தால் வெட்டும் முன் செய்யுங்கள். பளபளப்பு வகை டியூப்லைட்டில் எண்ணையே மறைக்கும். வெட்டும்போது இரும்பு ஸ்கேல், கட்டரில் புது பிளேடு. ஒரே அழுத்தில் வெட்டினால் பிளேடு சாய்ந்து கவுன்ட்டர் சரிவாக வரும். மெதுவாக மூன்று நான்கு இழுப்பு. நீளவாக்குக் கோடுகளை ஓரம் வரை கொண்டுபோகாமல் நிறுத்தி, குறுக்குக் கோடுகளை வெட்டி, கடைசியில் ஓரத்தை விடுவித்தால் தாள் கலையாது. ஆட்டச் சீட்டுகள் 63 × 88 மி.மீ. என்றால் ஓர் ஏ4 தாளில் 9 வரும், 300 ஜி.எஸ்.எம். ஆர்ட் கார்டு போதும்.

விற்பனையில் உள்ள ஆட்டத்தை ஸ்கேன் செய்து இப்படி அடிப்பது திருட்டு. கடைக்காரரையும் அதில் மாட்டிவிடாதீர்கள்.

என் பகடை மட்டும் எப்போதும் தோற்கிறது. உப்புத் தண்ணீரில் மிதக்கவிட்டுச் சோதிக்கலாமா? – ஒரு வாசகர், திருப்பத்தூர்

சோதிக்கலாம். பகடை மிதக்கும் வரை உப்பைக் கரைத்து, விரலால் சுண்டி, எந்த முகம் மேலே வருகிறது என்று இருபது முப்பது தடவை பாருங்கள். ஒரே முகம் விடாமல் வந்தால் உள்ளே காற்றுக் குமிழி இருக்கிறது. ஆனால் பெரும்பாலும் குற்றம் பகடையில் இல்லை, எதிர்பார்ப்பில். பல மினியேச்சர் விதிகளில் ஒரு சூடு மூன்று கட்டம் தாண்ட வேண்டும். பட 4 அல்லது மேல், காயப்படுத்த 4 அல்லது மேல், எதிரி கவசத்தால் தப்ப 5 அல்லது மேல் என்று வைத்தால்: 24 பகடையில் 12 படும், 6 காயம், அதில் 2 தப்பும், 4 பேர் விழுவர். ஆறில் ஒன்று. 24 பகடையைக் கை நிறைய அள்ளும்போது மனசு பத்துப் பேரைக் கணக்கிடுகிறது. அங்கேதான் வருத்தம் தொடங்குகிறது.

பகடை மேசையை விட்டு ஓடிக்கொண்டே இருக்கிறது. நல்ல தட்டு ஒன்று வேண்டும். – ஒரு வாசகர், ஆம்பூர்

ஆம்பூரில் இருந்துகொண்டு பகடைத் தட்டு வாங்குவதா? 2 மி.மீ. தடிப்பில் வெட்டுத் துண்டுத் தோல் 28 செ.மீ. சதுரம் எடுங்கள். ஒவ்வொரு மூலையிலும் இரண்டு துளை: ஒன்று ஒரு ஓரத்திலிருந்து 4 செ.மீ., அடுத்த ஓரத்திலிருந்து 1.5 செ.மீ.; மற்றது அதற்கு நேர் மாறாக. பிரஸ் பட்டனை அடித்து மூலைகளைக் கிள்ளிப் பூட்டினால் 20 செ.மீ. சதுரத் தட்டு, 4 செ.மீ. சுவர். பட்டனைக் கழற்றினால் தட்டையாகி ஆட்டப் பெட்டிக்குள் போகும். சொரசொரப்பான பக்கம் உள்ளே இருக்கட்டும். பகடை சத்தமும் போடாது, வழுக்கவும் வழுக்காது. 1.2 மி.மீ. செருப்பு மேல்தோல் எடுத்தால் சுவர் நிற்காமல் விழுந்துவிடும்.

பழைய ஆட்டம் ஒன்றைக் கைமாற்றாக வாங்கப் போகிறேன். என்ன பார்க்க வேண்டும்? – ஒரு வாசகர், வேலூர்

விதிப் புத்தகத்தில் உள்ள பொருள் பட்டியலைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி, அதன்படி எண்ணச் சொல்லுங்கள். ஹெக்ஸ் போர் ஆட்டமானால் கவுன்ட்டர் தாள் பிரிக்காமல் இருக்கிறதா என்று கேளுங்கள். பிரித்திருந்தால் எண்ணிக்கை முக்கியம். 5/8 அங்குலக் கவுன்ட்டர் தாளில் வழக்கமாக 176, அரை அங்குலத் தாளில் 280 இருக்கும். இரண்டு மூன்று குறைந்தால் பரவாயில்லை, செய்துகொள்ளலாம். சீட்டு ஒன்று குறைந்தால் விலையைப் பாதியாக்குங்கள், ஏனென்றால் புதிதாகச் செய்த சீட்டு முதுகிலேயே காட்டிக்கொடுத்துவிடும். எல்லாச் சீட்டுக்கும் முதுகு மறையும் ஸ்லீவ் (சீட்டு உறை) போட வேண்டி வரும். ஸ்லீவ் வாங்கும் முன் சீட்டை மில்லிமீட்டரில் அளந்துவிடுங்கள். 63 × 88, 56 × 87, 59 × 92, 44 × 68 எல்லாம் புழக்கத்தில் உள்ளவை. ‘சாதாரண அளவு’ என்று கடையில் கேட்டால் எது வரும் என்று சொல்ல முடியாது. பெட்டி மூலை கிழிந்ததற்காக நல்ல ஆட்டத்தை விட்டுவிடாதீர்கள். பூஞ்சை வாடை அடித்தால் விட்டுவிடுங்கள்.

வளைந்துபோன பிளாஸ்டிக் ஈட்டியை நிமிர்த்த முடியுமா? – ஒரு பள்ளி மாணவி, சோளிங்கர்

பெரியவர் ஒருவரை உடன் வைத்துக்கொள்ளுங்கள். கொதித்து இறக்கிய தண்ணீரில் இடுக்கியால் பிடித்து 30 நொடி முக்கி, நேராக்கி, பிடித்தபடியே ஐஸ் தண்ணீரில் ஒரு நிமிடம். போர்டு கேம் பெட்டியில் வரும் மென்மையான பிளாஸ்டிக்குக்கு இது சரி. பெயின்ட் அடிக்கும் முன் செய்துவிடுங்கள். வீட்டு 3டி பிரின்டரில் பி.எல்.ஏ. இழையில் அடித்தவை 60 டிகிரி வாக்கிலேயே இளகும். வெயிலில் நிறுத்திய காருக்குள் அவற்றை விட்டுவிட்டு வராதீர்கள்.

எண்பது பெட்டி சேர்ந்துவிட்டது. ஆட ஆள் இல்லை. அடுத்தது வாங்கலாமா? – ஒரு வாசகர், வேலூர்

தனியாளாக ஆடும் விதி உள்ளவை அந்த எண்பதில் நிச்சயம் குறைந்தது பத்து இருக்கும். முதலில் அவற்றைக் கண் மட்டத் தட்டில் வையுங்கள். ஹெக்ஸ் போர்களை வாஸல் (Vassal) என்ற இலவச மென்பொருளில் வெளியூர்க்காரரோடு ஆடலாம், மின்னஞ்சலில் ஒரு நகர்வு வீதமும் ஆடலாம். வீட்டில் பலகையை விரித்தபடி விட வேண்டுமானால், கண்ணாடிக் கடையில் 22 × 34 அங்குலத்துக்கு 3 மி.மீ. அக்ரிலிக் ஷீட் வெட்டி வாங்கி வரைபடத்தின் மேல் வையுங்கள். வரைபடம் மடியாது, காற்றில் பறக்காது. மின்விசிறி ஓடட்டும்.

அடுத்த பெட்டிக்கு: அலமாரியில் இருந்து ஒன்று வெளியே போனால் வாங்குங்கள்.